சீனத்து வைத்தியரும் உன் அம்மாவின் நாக்கும்

திருச்சுழி
8-2-1971

அன்பு மகள் கஸ்தூரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. துணைமாலையம்மன் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளை இன்பராஜும் பினாங்கில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறோம். இங்கே நான் சௌக்கியம், கடையும் சௌக்கியம். நரிக்குடிப் பக்கமிருந்து கொத்தமல்லி வரத்து ஆரம்பித்துவிட்டது, மிளகாய் வத்தல் இன்னும் களத்தில் காய்கிறது. எலெக்‌ஷன் வருவதால் பஜாரில் ஒரே மைக் சத்தம், விலை பேசினால் காதில் விழுவதில்லை. உன் அம்மாவின் சௌக்கியத்தை மட்டும் ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதனால்தான் நீல ஏர்மெயில் தாள் பத்தாது என்று இந்தத் தடவை கவர் வாங்கி, கடையைக் கணக்குப்பிள்ளை பொன்னுச்சாமியிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாக வாசி.

கார்த்திகையில் உன் நீளக் கடிதம் வந்தது. போன வருஷம் முழுக்க உனக்குச் சாப்பிட்டது செரிக்காமல், இரண்டு கவளம் உள்ளே போனதும் வயிறு உப்பி, சாப்பிட்ட கையோடு தூக்கம் தள்ளி, பலம் இல்லாமல் படுத்துக் கிடந்தாய் என்பதே அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் உன்னைத் தேற்றிய அந்த லிம் வைத்தியரைப் பற்றிப் பேச வேண்டும். மாப்பிள்ளை கடைக்கு அடுத்த தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கிறார், அங்கே அவரைச் சின்சே என்று கூப்பிடுகிறார்கள், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், எதைத் திறந்தாலும் ஒரு வேரோ பட்டையோ இருக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதை எதிர்க் கடை ஜமால் மைதீனுக்கு வாசித்துக் காட்டினேன். ஜவுளி வைத்திருக்கிறாரே அவர்தான், வாலிப வயதில் உங்கள் மலேயாவில், ஈப்போவில் இருந்தவர். கேட்டுவிட்டு, அவுக மருந்தை நானும் குடிச்சிருக்கேன் அண்ணாச்சி, கம்மாய்த் தண்ணியக் கலக்கிக் குடிச்ச மாதிரி இருக்கும், ஆனா கேக்கும் என்றார். எனக்கு அது போதவில்லை. எப்படிக் கேட்கிறது, எதனால் கேட்கிறது என்று தெரிந்தாக வேண்டும். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும், கடிகாரத்தைப் பிரித்துவிட்டு மாட்டத் தெரியாமல் விழித்தவன்தானே.

உன் வயிற்றில் குளிர் சேர்ந்துவிட்டது என்று அந்த மனிதர் சொன்னதாக எழுதியிருந்தாய் பார், அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தேன். இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு வயிற்றில் குளிரா? இங்கே யாருக்கு என்ன வந்தாலும் பேச்சு ஒன்றுதான், சூடு. தலை வலித்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, வயிறு கட்டினாலும் சூடு, போனாலும் சூடு. மருந்தும் ஒன்றுதான், நீராகாரம், மோர், ஊற வைத்த வெந்தயம், தலைக்கு நல்லெண்ணெய். உன் அம்மா சௌந்தரத்துக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்து வருகிறோம். அவளுக்கும் உன்னைப் போலவேதான் கஸ்தூரி. நாலு வாய்க்கு மேல் இறங்காது, வயிறு பொருமும், அடிக்கடி வெளியே போகும், சாப்பிட்ட பருக்கை அப்படியே போகிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் பாதித் தெருவில் இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. மதுரைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை, டானிக் குடிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்றால் ஆள் ஏன் கரைகிறாள்? உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், அவள் எழுத விடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அதனால் நீ அந்த வைத்தியர் சொன்னதாக எழுதியிருந்ததை எல்லாம் நான் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். இரைப்பை என்பது அரிசி போடுகிற பானை, மண்ணீரல் அதன் கீழே எரிகிற தீ, தீ மந்தமானால் சோறு வேகாது, வேகாத சோற்றிலிருந்து ரத்தம் ஊறாது, சத்தும் ஏறாது, மிச்சமாகிற தண்ணீர் உள்ளேயே தேங்கி ஈரமாக நிற்கும். அவர்கள் கணக்கில் மண்ணீரல் பஞ்சபூதத்தில் மண்ணைச் சேர்ந்ததாம். நாமும் அதை மண்ணீரல் என்றுதானே சொல்கிறோம், எந்தக் காலத்தில் யாரிடமிருந்து யார் கேட்டார்களோ, இல்லை தற்செயலோ, அதை அவரிடம் கேட்டு எழுது. ஈரம் ஒரு நோய் என்பதுதான் எனக்குப் பிடிபட நாளாயிற்று. இங்கே குண்டாற்றில் ஈரம் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது, ஈரத்துக்காக மழைக்கஞ்சி காய்ச்சுகிற ஊரில் போய், அம்மா வயிற்றில் ஈரம் தேங்கியிருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நாடி பார்ப்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நம் வைத்தியர்கள் பெண்களுக்கு இடது கையைத்தான் பிடிப்பார்கள். அவர் இரண்டு கையும் பிடித்தார், வலது கையில் நடுவிரல் படுகிற இடம் வயிற்றுக்கும் மண்ணீரலுக்கும் உரியது என்றார் என எழுதியிருந்தாய். நான் உன் அம்மாவின் வலது கையைப் பிடித்து அந்த இடத்தில் நடுவிரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் மட்டும், என்ன திடீர்னு கையப் பிடிக்கிறீக, வாசல் தெறந்து கெடக்கு என்றாள்.

நாக்கைப் பார்க்கிற கூத்தையும் கேள். மண்ணீரல் சோர்ந்தவர்களுக்கு நாக்கு வெளுத்துத் தடித்து, ஓரத்தில் பல் பதிந்த தடம் இருக்கும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? மத்தியான வெளிச்சத்தில் உன் அம்மாவை முற்றத்தில் உட்கார வைத்து நாக்கை நீட்டு என்றேன். ஏங்க, பேத்தி எடுக்கிற வயசுல நாக்க நீட்டச் சொல்றீகளே, யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாக என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகள் எழுதியிருக்கிறாள் என்றதும் நீட்டினாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் நாக்கைப் பார்க்கிறேன். நீ எழுதியபடியே இருந்தது. வெள்ளைப் படலம், இரண்டு ஓரத்திலும் பல் தடம். கடல் தாண்டி இருக்கிற ஒரு மனிதர் இவளைப் பார்க்காமலே சொல்லிவிட்டாரே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் நாக்கையும் கண்ணாடியில் பார்த்தேன், அது வெற்றிலைச் சிவப்பு, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

குளிர் என்று தெரிந்துவிட்டது, சூடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். வத்தல் வியாபாரி வீட்டில் சூட்டுக்கா பஞ்சம்? நல்ல காரமான முண்டு வத்தலாகப் பொறுக்கி எடுத்து வந்து, பூண்டு வைத்துத் துவையல் அரைக்கச் சொல்லி, சுடுசோற்றில் பிசைந்து நானே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். அவளும் மறுக்காமல் சாப்பிட்டாள் பாவம். சாயங்காலத்துக்குள் வயிறு எரிந்து, கண்ணில் தண்ணீர் வழிந்து, சுருண்டு படுத்துவிட்டாள். கடைசியில் மோரைக் கொடுத்துத்தான் அடக்கினோம், போன குளிர் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. ஜமால் மைதீன் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவர் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி, அவுக சொன்னது அடுப்புச் சூடு, நீங்க குடுத்தது வாய்ச் சூடு என்றார். கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரி. மறுபடி உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தால், நீயே எழுதியிருக்கிறாய், காரம் கூடாது, தீயை ஊதி எழுப்பக் கூடாது, அணையாமல் சின்னதாக வைத்திருக்க வேண்டும் என்று. நான்தான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். பரளச்சிப் பக்கம் கருவேல விறகை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுகிறார்களே, அதுதான் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே நெருப்பு இருப்பதே தெரியாது, காற்றுப் புகுந்து கொழுந்துவிட்டால் மொத்தமும் சாம்பல்.

அதற்குப் பிறகு ஒழுங்காகவே செய்தோம். நீ எழுதிய கஷாயச் சரக்குகளில் அதிமதுரமும் சுக்கும் இங்கேயே கிடைத்தன. ஜின்செங் வேருக்கும், மரத்து வேரில் விளைகிற அந்தக் காளானுக்கும் நான் எங்கே போவேன்? அருப்புக்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் காளான் கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். சுருக்கம் விழுந்த சிவப்புப் பழம் ஒன்று போடுவார்கள், நம் இலந்தைக்குப் பெரியம்மா மகள் மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தாய், அதனால் இலந்தைப் பழத்தைக் காய வைத்துச் சேர்த்தேன். அது சரியா தப்பா என்று கேட்டு எழுது. அரிசியை வறுத்து, நிறையத் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் குழைய வேக வைத்த கஞ்சி, அதில் கொஞ்சம் இஞ்சி. நீராகாரம் நிறுத்தம், மோர் நிறுத்தம், குடிக்கிற தண்ணீர்கூட வெதுவெதுப்பாக. பக்கத்து வீட்டு ராமலட்சுமி மதினி வந்து, சூட்டு ஒடம்புக்காரிக்கு இஞ்சியக் குடுத்துக் கொல்லப் போறீகளா என்று சண்டை பிடித்துவிட்டுப் போனது. கம்பும் குதிரைவாலியும் அந்த வைத்தியர் கணக்கில் சூடா குளிர்ச்சியா? அங்கே கிடைக்காதென்றால் எப்படி இருக்கும் என்று சொல்லிக் கேள். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும்.

மார்கழி பாதி வரைக்கும் நன்றாகத் தேறினாள். வயிறு பொருமுவது குறைந்தது, முகத்தில் ஒரு தெளிவு. பிறகு என்னவோ, பழையபடி ஆகிவிட்டது. கஷாயத்தில் குறை இல்லை, காலையில் கஞ்சி நான் பார்க்கத்தான் குடிக்கிறாள், இருந்தும் ஆள் இளைக்கிறாள். உன் கடிதத்தில் அந்த வைத்தியர் உன்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி ஒன்று இருந்தது. இது வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டார், ஒரே நினைப்பை விடாமல் நினைக்கிறவர்களுக்கு முதலில் கெடுவது மண்ணீரல்தான் என்றார் என எழுதியிருந்தாய். உனக்கு என்ன நடந்தது என்று நீ எழுதவில்லை. உன் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று எனக்கும் தெரியவில்லை. அவளிடம் கேட்டால், எனக்கென்ன கவலை, ராசாத்தி மாதிரி இருக்கேன் என்றாள்.

போன வாரம் காரியாபட்டியிலிருந்து வர வேண்டிய லோடு லாரி வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வழக்கமாக நான் கடையிலேயே தூக்குச் சட்டிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்தானே வருவேன், அவளுடைய மத்தியானச் சாப்பாட்டை நான் பார்த்ததே இல்லை. சோறு வடித்து மூடி வைத்திருந்தாள். பசிக்கவில்லையா என்றேன், பெறகு என்றாள். வாசலுக்குப் போவாள், உள்ளே வருவாள், பாத்திரத்தை எடுத்து வைப்பாள், மறுபடி வாசல். தபால் பை வருகிற அருப்புக்கோட்டை பஸ் வந்த சத்தம் கேட்டது. அப்புறமும் வெகுநேரம் சென்று தபால்காரர் உக்கிரபாண்டி சைக்கிளில் நம் தெருவுக்குள் வந்தார். இவளைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே இல்லை என்று கையை விரித்து ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகுதான் இவள் உள்ளே வந்து, ஆறி விறைத்துப் போன சோற்றைத் தட்டில் போட்டு, தொண்டைக்குள் இறங்க வேண்டுமே என்று பானைத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து குடித்தாள். நான் காலையில் ஏற்றி வைக்கிற தீயில் மத்தியானம் இவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

உக்கிரபாண்டியைப் பிடித்து விசாரித்தேன். எம்புட்டு நாளா இப்படின்னா கேக்கீக, முந்துன வருசம் மலேயாவுல கலவரம்னு பேப்பர்ல வந்துச்சே, அப்பம் இருந்தே அக்கா வாசல்லதான் நிக்காக, நான் போற வரைக்கும் சோறு திங்க மாட்டாக போலிருக்கு அண்ணாச்சி என்றார். அந்தச் சமயம் உன்னிடமிருந்து கடிதமே வராமல் நாங்கள் தவித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவளுக்கு வயிறு கெட்டதும் அதை அடுத்து வந்த ஆடி ஆவணியில்தான். தெருவில் போகிற தபால்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வந்து அவளிடம் கேட்டேன், சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தால் என்ன என்று. கடுதாசி வந்தாலும் சோறு எறங்கும், வரலைன்னு தெரிஞ்சாலும் எறங்கும், வருமா வராதான்னு இருக்கையில எப்பிடிங்க எறங்கும் என்றாள்.

அதுதான் மகளிடமிருந்து அவ்வளவு நீளக் கடிதம் வந்துவிட்டதே, குணமாகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாளே, இன்னும் என்ன கவலை என்றேன். அதற்குத்தான் அவள் முதல் தடவையாக அழுதாள் கஸ்தூரி. போன வருசம் பூராவும் சொகம் சொகம்னுதான் எழுதினா, எழுதிட்டு அங்கன படுத்துக் கெடந்திருக்கா. இப்பக் கொணமாயிருச்சுன்னு எழுதுறா. நான் இதுல எந்தச் சொல்ல நம்புறது என்றாள். எனக்கு அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. உனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்ற அந்தக் கடிதம் வந்த வாரம் இவள் படுத்துவிடுவாள் என்று நான் பயந்தேன். நேர்மாறாக, அதற்குப் பிறகுதான் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். நான் கஷாயத்தின் மகிமை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு உன் அடுத்த கடிதம் மார்கழியில் வந்தது. நாலே வரி, நாங்கள் இருவரும் சுகம், வேறு விசேஷம் இல்லை. அதிலிருந்துதான் மறுபடி சரிந்தாள்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை தாயி. எங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று நீ மறைத்தாய், உன்னைக் கவலைப்படுத்தக் கூடாது என்று இவள் மறைத்தாள், இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. இனிமேல் இப்படிச் செய்வோம். மாதா மாதம் அமாவாசை அன்றைக்கு நீ கடிதம் போடு. அது வந்து சேர்கிற நாள் இவளுக்குத் தோராயமாகத் தெரிந்துவிடும், மற்ற நாளில் வாசலில் நிற்க வேலை இல்லை. வீட்டு விலாசத்துக்குப் போடாதே, கடை விலாசத்துக்குப் போடு, பஸ்ஸிலிருந்து பை இறங்கியதும் முதலில் பஜாருக்குத்தான் தபால் வரும். நானும் இனிமேல் மத்தியானம் வீட்டில்தான் சாப்பிடப் போகிறேன். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து, உண்டு இல்லை என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுவேன். அவள் என் எதிரே உட்கார்ந்து சுடுசோறு சாப்பிட்டு முடித்த பிறகுதான் அதை எடுத்துக் கொடுப்பேன். இந்த வைத்தியம் சரியா என்று உன் லிம் வைத்தியரிடம் கேட்டுப் பார். முன்னாலேயே எழுதாததற்கு நானும் உன்னிடம் ஒன்றும் கேட்கிற யோக்கியதையில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். சுகம் என்ற ஒரு சொல்லோடு கடிதத்தை முடிக்காதே. வயிறு வலித்தால் வலிக்கிறது என்று எழுது, மாப்பிள்ளையோடு மனத்தாங்கல் என்றால் அதையும் எழுது, ஒன்றுமில்லாத நாளில் என்ன குழம்பு வைத்தாய் என்று எழுது. எதை எழுதினாலும் உன் அம்மா தாங்குவாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அந்த வைத்தியருக்கு முண்டு வத்தல் ஒரு பொட்டலம் ஜமால் மைதீனுக்குத் தெரிந்த ஆள் வழியாக அனுப்புகிறேன், தின்றுவிட வேண்டாம், இங்கே எதைச் சூடு என்று சொல்கிறோம் என்று பார்க்கட்டும். நீயும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, ஐஸ் போட்டது எதையும் தொடாதே. கடை விலாசம் மறந்துவிடாதே. தீர்க்காயுசோடும் மஞ்சள் குங்குமத்தோடும் நீ நிறைந்து இருக்க அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இவ்வளவையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என் நாக்கப் பத்தியெல்லாம் கடல் தாண்டி எழுதணுமாக்கும் என்று கோபித்துக்கொண்டாள். பிறகு, ஒன்றே ஒன்று சேர்த்து எழுதச் சொன்னாள். அவ வயித்துக்கு இப்பம் நெசமா சோறு சேருதான்னு கேளுங்க, சேரலைன்னாலும் சேரலைன்னே எழுதச் சொல்லுங்க, நான் சாப்புட்டுட்டுத்தான் வாசிப்பேன் என்றாள்.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள அப்பா
சி. ஐயாத்துரை